அறைத் தோழியைத் தெரிவு செய்ய விடாதீர்கள்

கம்பஸ் பிள்ளைகளை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது வீண்செலவு என்று ஒரு பக்கமும், வெளிநாடு பார்த்தால்தான் உலகம் தெரியும் என்று மறுபக்கமும் கொஞ்ச நாளாக எழுதித் தள்ளுகிறார்கள். மாணவிகளுக்குப் பொறுப்பாகப் போய்வந்தவள் என்ற முறையில் எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. உலகம் தெரிய கையிலிருக்கிற போனே போதும். ஆனால் ஆரையம்பதிப் பிள்ளைக்குக் காத்தான்குடிப் பிள்ளையைத் தெரிய வேண்டுமென்றால், எங்கட மட்டக்களப்பு மாவட்டத்தில் இப்போதைக்கு இரண்டு பேரையும் கடல் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

சிரிக்காதீர்கள். இரண்டும் ஒட்டிக்கிடக்கிற ஊர்கள்; முன்னது தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர். அதே தமிழ், அதே வாவி மீன், அதே கல்முனை பஸ். பள்ளிக்கூடம் மட்டும் வேறு. 1990 கொலைகளோடு விழுந்த கோடு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இன்னும் தடித்துப்போனது. கம்பஸில் ஒரே வகுப்பில் இருப்பார்கள், நோட்ஸ் மாற்றுவார்கள், கன்டீனில் தனித்தனி மேசை. பகை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றாக ஒரு கடையில் இருந்து தேத்தண்ணி குடித்தால் ஆள் வீடு போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பார்த்துச் சொல்ல ஒரு மாமாவோ சாச்சாவோ இல்லாத இடம் தேவை. வெளிநாட்டுப் பயணத்தின் பெரிய வசதி அதுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் போனது சிதம்பரம், தஞ்சாவூர், நாகூர். கொழும்பு போகிற இரவு ரயிலிலேயே பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் இருந்தார்கள். லொட்ஜில் அறை பிரிக்கும்போது, "அவங்கட ஆக்களோடயே விடுங்க மிஸ், மறுகா பிரச்சினை வரும்" என்று கூட வந்தவர்களே சொன்னார்கள். நான் பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படி வெட்டி அறை கொடுத்தேன். முகங்கள் எல்லாம் கறுத்துப் போயின.

ஒரு விடியற்காலை, சுபஹு நேரம். ஓர் அறையில் காத்தான்குடிப் பிள்ளை தொழ எழும்பி, லைட்டைப் போட்டால் மற்றவள் எழும்பிவிடுவாளே என்று இருட்டில் தடவிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆரையம்பதிப் பிள்ளை தானாக எழும்பி லைட்டைப் போட்டு, போனில் கிப்லா (மக்கா இருக்கிற திசை) பார்த்துக் கொடுத்து, தன்ர சூட்கேஸையும் ஈரத் துவாயையும் அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து எடுத்துவிட்டுக் கட்டிலில் குந்தியிருந்து முழுவதும் பார்த்திருக்கிறாள். பிறந்த நாள் முதல் தினம் ஐந்து தரம் பாங்கு கேட்டு வளர்ந்த பிள்ளை. ஒருவர் தொழுவதைக் கிட்ட இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அதைச் சிதம்பரத்து மாணவிகளுக்கு எடுத்துச் சொன்னது நிந்தவூர்ப் பிள்ளை: "எங்கட பக்கத்து ஊர் ஆள்!" பிறகு பேச்சு கல்யாணத்துக்குப் போய்விட்டது (பெட்டைகள் கூடினால் வேறெங்கே போகும்!). மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு மகளுக்குத்தான் என்று எங்கட பிள்ளைகள் சொல்ல, சிதம்பரத்துப் பிள்ளைகள் நம்பவில்லை. தமிழ்ப் பிள்ளை தொடங்கின கதையை முஸ்லிம் பிள்ளை முடித்தாள். மகளுக்கு வீடு கட்டத்தான் தன்ர வாப்பா கட்டாரில் கிடக்கிறார் என்று ஒருத்தி சொல்ல, என்ர அப்பாவும் அங்கதான் என்றாள் மற்றவள். இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தவர்கள், இதைத் தெரிந்துகொள்ள சிதம்பரம் போக வேண்டியிருந்தது.

நாகூரில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. ஷாஹுல் ஹமீது நாயகம் அடங்கியிருக்கிற தர்ஹாவின் மிக உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். முந்தின நாள் தஞ்சாவூரில் கோயில் பார்த்த களைப்போடு எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். "எங்கட கடற்கரைப் பள்ளிவாசல்லயும் இந்த நாயகத்திட பேர்லதான் வருசாவருசம் கொடியேத்துற" என்று கல்முனைக்குடிப் பிள்ளை முன்னுக்குப் போனாள். தமிழ்ப் பிள்ளைகளும் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். காத்தான்குடிப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டாள். "எங்கட வீட்ட தர்ஹாக்குப் போற இல்ல மிஸ். நான் செருப்பையும் பேக்கையும் பாத்துக்கிறன்."

ஆரையம்பதிப் பிள்ளை திகைத்துப்போய், "உங்களுக்குள்ளயும் இப்படியாகா?" என்றாள்.

"ஏன், உங்களுக்குள்ள இல்லையா?"

கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த நாள் என்று நடக்கிற இழுபறி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெடித்துச் சிரித்தாள். ‘முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ஒண்டு’ என்று ஊரில் கேட்டு வளர்ந்த கதை அந்த வாசலிலேயே கழன்றுவிட்டது. எந்த நல்லிணக்கக் கருத்தரங்கும் இதைச் செய்யாது. வடையும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. ஓர் அறைக்காரிகள் இன்றுவரை பேசுவதில்லை. அவர்கள் சண்டை பிடித்தது பாத்ரூமில் யார் முதலில் குளிப்பது என்பதற்கு, இனத்துக்காக இல்லை. அதையும் நான் முன்னேற்றமாகவே எடுக்கிறேன். உண்மையான குறை காசு. கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. போனவர்கள் வந்து படம் போடும்போது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். எல்லாரையும் கூட்டிப்போக முடியாவிட்டால் திருகோணமலைக்குப் போகலாம், தவறில்லை. அங்கேயும் அறை என்று ஒன்று உண்டு.

அடுத்த பயணத்துக்கான பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "எங்கட புள்ளய எங்கட ஆக்களோட போட்டாப் போதும் மிஸ், மத்ததெல்லாம் உங்கட விருப்பம்" என்றார். எந்தப் பக்கத்தவர் என்று எழுத மாட்டேன், இரண்டு பக்கமும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த முறையும் அகரவரிசைதான். விருப்பமில்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.