விரிசல் பெயிண்டு விஷயமல்ல, மண் விஷயம்
வீடு வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற கட்டுரையில் 'சுவரில் விரிசல் இருந்தால் பட்டி பூசிப் பெயிண்டு அடித்தால் போதும்' என்று வருவது மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்து மண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் நிற்கும் ஊர் அது. இளகிய நிலம்தான் அதைச் சாய்த்தது. தோட்டத்தை அழித்துப் போட்ட தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பல வீடுகள் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கும், ஆனால் பின்னால் இழுத்துக் கட்டிய சமையற்கட்டு வெறும் மண்மேல் உட்கார்ந்திருக்கும். வீடு நிற்க, சமையற்கட்டு மட்டும் இறங்கும். இரண்டும் சேரும் மூலையில் மேலே அகன்று கீழே குறுகிய விரிசல் விழும். தீக்குச்சி அதில் நுழைந்தால் பட்டி வேலைக்கு அது அடங்காது. பூசி மறைத்திருந்தால் தரையில் கோலிக்குண்டு ஒன்றை வையுங்கள். பின்சுவர்ப் பக்கம் தானாக உருண்டால் சந்தேகப்படுங்கள். குளியலறையில் இந்தச் சோதனை வேண்டாம், அங்கே சரிவு வேண்டுமென்றே வைப்பது. மண் இறங்கினால் கழிவுக்குழாயின் இணைப்பும் கழன்றுவிடும்: கழிப்பறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே கழிவுநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அரைகுறையாக வந்தால், மீதி வீட்டுக்கு அடியில் போய் மண்ணை இன்னும் அரிக்கிறது. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'வங்கி மதிப்பீட்டாளர் பார்த்துக்கொள்வார்' என்கிறார். அவர் கடனுக்காக விலையைக் கணிப்பவர், குழி மூடியைத் திறக்கமாட்டார். இழுத்துக் கட்டிய பகுதிக்கு நகராண்மைக் கழகம் ஒப்புதல் தந்த வரைபடத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.