தூங்குறதுக்கு ஒரு கதவு வேணும்

லாஸ் ஏஞ்சலஸ்ல எங்க தெருமுனையில ராத்திரி முழுக்க தொறந்திருக்குற லாண்டரி கடை ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா அங்க ஒருத்தர பாத்துட்டிருந்தேன், துவைக்க துணியே இருக்காது, ஆனா சுவத்துல முதுகு ஒட்டி வாசல பாத்தபடி உக்காந்திருப்பார். ஒரு நாள் டிரையர் நிக்கிற வரைக்கும் சும்மா இருக்கோமேன்னு பேச்சு குடுத்தேன். 2004ல ஈராக்ல பலூஜாங்குற ஊர்ல நடந்த சண்டையில இருந்த அமெரிக்க ராணுவக்காரராம், இப்ப வீடு இல்ல. பகல்ல பஸ்ல தூங்குவேன், ராத்திரி தூங்க மாட்டேன், யாராவது ஒருத்தன் முழிச்சிருக்கணும்ல, அப்படின்னார். கூட யாருமே இல்ல, ஆனா அவரு இன்னும் காவல் டியூட்டியில தான் இருக்காரு.

எனக்கு உடனே எங்க மிலிட்டரி பெரியப்பா ஞாபகம். வேலூர் பக்கம் எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க, பெரியப்பா 71 சண்டைக்கு போயிட்டு வந்தவர். கடைசி வரைக்கும் உள்ள படுக்கவே இல்ல, திண்ணையில தான், தலைமாட்டுல டார்ச் லைட். தீபாவளி அன்னைக்கு காலையிலயே கொல்லிமேட்டு பக்கம் போயிடுவார், வெடி சத்தம் அடங்குனதும் தான் வருவார். ராத்திரி கத்துவார். காத்து கருப்பு அடிச்சிருக்குன்னு மந்திரிக்க கூட்டிட்டு போனாங்க, வேற என்ன தெரியும் அவங்களுக்கு. ஆனா அவருக்கு ஒரு திண்ணை இருந்துச்சு, காலையில பெரியம்மா குடுக்குற காப்பி இருந்துச்சு, மாசம் பென்ஷன் வந்துச்சு. இந்த மனுஷனுக்கு அதுல ஒண்ணுகூட இல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் மேற்கு பக்கம் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு துறை, வி.ஏ.ன்னு சொல்லுவாங்க, அதோட 388 ஏக்கர் வளாகம் இருக்கு. 1888ல செனட்டர் ஜான் ஜோன்ஸும் அர்காடியா பண்டினி டி ஸ்டெர்ன்ஸ் பேக்கர்ங்குற அம்மாவும் ஊனமான படைவீரர்கள் குடியிருக்கட்டும்னு தானமா குடுத்த நிலத்துல ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த இடம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் உள்ளயே. 1970கள்ல குடியிருப்ப மூடுனாங்க. அப்பறம் அந்த நிலத்த லீஸுக்கு விட்டு ஒரு தனியார் ஸ்கூலோட விளையாட்டு மைதானம் வந்துச்சு, யூசிஎல்ஏங்குற யுனிவர்சிட்டியோட பேஸ்பால் ஸ்டேடியம் வந்துச்சு, எண்ணெய் கிணறு கூட இருக்கு. 2021ல வேலிக்கு இந்தப் பக்கம் சான் வின்சென்டே ரோட்டுல டென்ட் டென்ட்டா கொடி கட்டிக்கிட்டு முன்னாள் வீரர்கள் கெடந்தாங்க, நான் என் கண்ணால பாத்தேன், வயிறு எரிஞ்சுச்சு.

வீடில்லாத முன்னாள் வீரர்கள் வி.ஏ. மேல கேஸ் போட்டாங்க. 2022 நவம்பர்ல போட்ட கேஸ்ல 2024 செப்டம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, அந்த லீஸ் எல்லாம் செல்லாது, 750 தற்காலிக வீடும் 1,800 நிரந்தர வீடும் கட்டுங்கன்னு. தீர்ப்பு சொன்ன ஜட்ஜ் டேவிட் கார்ட்டரே வியட்நாம் சண்டையில காயம்பட்டு வந்தவர். அரசாங்கம் அப்பீல் போச்சு. தானமா வந்த நிலத்துல, யாருக்காக குடுத்தாங்களோ அவங்களுக்கு வீடு கட்ட சொன்னா அதுக்கு அப்பீல். இத என்னால இன்னும் ஜீரணிக்க முடியல.

சரி, நான் சொல்ல வந்தது வேற. பல பேரு சொல்றாங்க, மொதல்ல குடிய நிறுத்தட்டும், ட்ரீட்மென்ட் எடுக்கட்டும், ஒழுங்கானதுக்கு அப்பறம் வீடு குடுக்கலாம்னு. எங்க ஆபீஸ்ல நம்மாளுங்களே சொல்றாங்க. ட்ரீட்மென்ட்னா என்னன்னு கொஞ்சம் பாருங்க. பிடிஎஸ்டி, அதாவது சண்டை மாதிரி கொடுமைய பாத்ததால வர்ற மன பாதிப்பு, அதுக்கு நல்ல பலன் தர்ற சிகிச்சையில ஒண்ணு, எந்த சம்பவம் ஆள கொல்லுதோ அதையே வாராவாரம் டாக்டர் முன்னாடி கண்ண மூடி திரும்ப திரும்ப சொல்லணும், ஒரு தடவை போனா மொத்தம் ஒண்ணரை மணி நேரம், சொன்னத ரெக்கார்ட் பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டு போய் தினமும் கேக்கணும். வீட்டுக்கு. இருக்குற புண்ண எல்லாம் கெளறிவிட்டு, அன்னைக்கு ராத்திரி பஸ் ஸ்டாப்புல போய் படுன்னா அவன் எப்படி படுப்பான், எந்த போன்ல சார்ஜ் போட்டு அந்த ரெக்கார்டிங்க கேப்பான், குடிக்காம எப்படி தூங்குவான்? பெரிய ஷெல்டர்ல ஒரே ஹால்ல நூறு பேர் கூட படுன்னாலும் பல பேரால முடியாது, பின்னாடி யாரு நடக்குறான்னு தெரியாம அவங்களால கண்ண மூட முடியாது. உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற கதவு ஒண்ணு மொதல்ல வேணும். மத்தது எல்லாம் அதுக்கு அப்பறம் தான் ஆரம்பிக்கவே முடியும்.

இது என் ஆசையில சொல்றது இல்ல, நடத்தி காட்டியிருக்காங்க. ஹட்-வாஷ்னு அரசாங்கத்தோட வீட்டுவசதி துறையும் வி.ஏ.வும் சேந்து நடத்துற ஒரு திட்டம், வீடில்லாத முன்னாள் வீரருக்கு, வாடகையில தன் வருமானத்துல சுமார் 30 சதவீதம் அவர் கட்டுனா போதும், மிச்சம் அரசு கட்டும், கூடவே அவரோட தேவைய கவனிச்சுக்க வி.ஏ.ல இருந்து கேஸ் மேனேஜர்னு ஒருத்தர் தேடி வருவாங்க. 2010ல இருந்து 2024க்குள்ள வீடில்லாத முன்னாள் வீரர்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழ போயிருக்கு, 2024 ஜனவரி கணக்குல 32,882 பேர். அதே கணக்குல நாடு முழுக்க மொத்த வீடில்லாதவங்க ஒரே வருஷத்துல 18 சதவீதம் ஏறுனாங்க, இவங்க மட்டும் 8 சதவீதம் கொறஞ்சாங்க. காசும் ஆளும் போட்டா கொறையுது, அவ்வளவு தான்.

ஓட்டை இல்லாம இல்ல. வாடகைக்கு அரசு குடுக்குற வவுச்சர கையில வச்சிருந்தும் வீட்டுக்காரங்க வேணாம்ங்குறாங்க, கேஸ் மேனேஜர் பத்தாக்குறை. அப்பறம் ஒரு கொடுமை, சண்டையில ஊனமானதுக்கு குடுக்குற உதவித்தொகையவே வருமானமா எண்ணி, உனக்கு வருமானம் ஜாஸ்தி, முன்னாள் வீரர்களுக்குன்னு கட்டுன இந்த வீட்டுக்கு உனக்கு தகுதி இல்லன்னு அதிகமா அடிபட்டவனையே திருப்பி அனுப்புனாங்க! 2024 ஆகஸ்ட்ல தான் அந்த விதிய மாத்துனாங்க. வியட்நாம்காரங்க கதையும் இப்படித்தான், சண்டை முடிஞ்சது 1975ல, பிடிஎஸ்டிங்குற பேரு மருத்துவ புத்தகத்துல ஏறுனது 1980ல. நடுவுல அஞ்சு வருஷம் அவங்கள என்னன்னு சொல்லியிருப்பாங்கன்னு எங்க பெரியப்பாவ பாத்த எனக்கு தெரியும்.

லாண்டரி கடை மனுஷனுக்கு, அப்படித்தான் நான் மனசுக்குள்ள கூப்புடுறேன், போன வருஷம் வவுச்சர்ல ஒரு ரூம் கெடச்சுச்சு. கட்டில் குடுத்தாங்களாம், மொத மூணு வாரம் கதவுக்கு குறுக்க தரையில தான் படுத்தாராம். போன மாசம் பஸ்ல பாத்தேன், முழிச்சிருந்தார். இப்ப கட்டில்ல படுக்குறேன், ஆனா லைட்ட மட்டும் அணைக்கிறது இல்லன்னார். வாரம் ஒரு நாள் சிகிச்சைக்கு போறாராம், அன்னைக்கும் அங்க தான் போயிட்டிருந்தார்.