உளவுக் குழு போருக்கு நாள் குறித்துவிட்டதா? காசிமேட்டில் சுற்றும் குரல் பதிவு தவறு

"கூட்டு உளவுக் குழு போர் உறுதி என்று அறிவித்துவிட்டது, அடுத்த வாரம் மீன்பிடித் துறைமுகத்தை மூடுவார்கள், டீசலை இப்போதே நிரப்பிக்கொள்ளுங்கள்" என்று சென்னையின் காசிமேடு, ராயபுரம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் குரல் பதிவு உண்மையல்ல. 1914-ல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசிய கரை இது. போர்ச் செய்தி இங்கே சட்டென்று பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

பல உளவு அமைப்புகளின் தகவல்களைத் தொகுத்து மதிப்பிடும் இத்தகைய குழுக்கள் போரை அறிவிப்பதில்லை. எதிர்த்தரப்பின் படை நகர்வு, எரிபொருள் இருப்பு, வீரர்களின் விடுப்பு ரத்து போன்ற அறிகுறிகளைத் திரட்டி, அதற்குப் போரிடும் வலிமை உண்டா, எண்ணம் உண்டா என்பதைத் தனித்தனியே எடைபோட்டு, மிஞ்சும் ஐயத்தையும் சேர்த்தே அரசுக்கு எழுதித் தருகின்றன. அமெரிக்க உளவு அமைப்புகளின் நெறிமுறைப்படி, 'நிகழ வாய்ப்புள்ளது' என்று எழுதினால் அது 55 முதல் 80 விழுக்காடு வாய்ப்பையே குறிக்கும். வலிமையைக் கணக்கிடுவதைவிட எண்ணத்தைக் கணிப்பது கடினம்: கியூபாவில் சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளை நிறுவாது என்றே 1962 செப்டம்பர் 19 தேதியிட்ட அமெரிக்க மதிப்பீடு கருதியது, அக்டோபர் 14 அன்று யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் அவை தெரிந்தன.

இந்தியாவிலும் இத்தகைய மதிப்பீடுகள் அரசின் மேல்மட்டத்துக்குச் செல்லும் இரகசிய ஆவணங்களே தவிர, பொது அறிவிப்புகள் அல்ல. படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்றால், அதை மீன்வளத் துறை வெளிப்படையாகவே அறிவிக்கும்.