வேண்டாம் என்று சொல்ல இடம் வைத்தீர்களா?

உளவள ஆலோசகர்களான நம் சென்ற வாரக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நான்கு நாட்கள் பொறுத்திருந்தேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். இல்லாதவர்களும் அதன் பிறகு சுற்றிவந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஆலோசனை அமர்வின் உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் ஏஐ செயலியைப் பற்றிப் பேசிய பயிற்றுநர், "எங்களிடம் வருபவர்களில் இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை" என்று பெருமிதத்தோடு சொன்னார். உடனே கைதட்டல் எழுந்ததே, அந்தக் கைதட்டல்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டும் ஒருவர்கூட மறுக்கவில்லையென்றால், கேட்ட விதத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டேன். சேர்க்கைப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது, கையொப்பம் இட்டுவிடுகிறார்கள் என்றார். மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு நிலை வந்ததே இல்லை என்றார். வந்தால், என்றேன். "மேடம் இன்னும் நோட்டு, பேனா காலத்திலேயே இருக்கிறார்" என்றார். சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது, பரவாயில்லை.

மனம் உடைந்து, முதல்முறையாக ஓர் ஆலோசகரின் வாசலுக்கு வருபவர் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவார் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கட்டணம், நேர ஒழுங்கு, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றுக்கு நடுவே ஒலிவாங்கி பற்றிய பத்தியும் இருந்தால், அதற்கும் சேர்த்துத்தான் கையொப்பம் விழும். அந்த ஒலி எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், செயலியை நடத்தும் நிறுவனம் அதைக் கொண்டு தன் ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்குமா, குறிப்பு தவறாக இருந்தால் யார் திருத்துவார் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், கையொப்பம் வாங்குபவருக்கே பாதி தெரியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டம், சிகிச்சை அமர்வைப் பதிவு செய்து ஏஐயின் துணையைப் பெறுவதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. வேறு பல விஷயங்களோடு கலந்து கிடக்கும் பொதுவான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது சம்மதமாகாது என்றும் சொல்கிறது. நான்காம் பக்கப் பத்தியைப் பற்றி நான் சொன்னால் அது பழமைவாதம். சட்டம் சொன்னால் என்னவென்று அழைப்பீர்கள் என்று தெரியவில்லை.

சம்மதம் கேட்பதன் பொருளே மறுக்க இடம் கொடுப்பதுதான். மறுத்தாலும் அதே நேரம், அதே கவனம், அதே முகம் கிடைக்கும் என்று கேட்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்று சரி என்றவர் அடுத்த வாரம் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் கருவியை அணைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி, சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பயிற்சிக் காலத்தில் என் அமர்வுகளை மேற்பார்வையாளர் கேட்பதற்காக நாடாவில் பதிவு செய்வேன். ஒருவரிடம் முறைப்படி எல்லாவற்றையும் விளக்கி, யார் கேட்பார், எப்போது அழிப்பேன் என்பதுவரை சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அவரும் மலர்ந்த முகத்தோடு சரி என்றார். ஐம்பது நிமிடம் வேலையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் ஒழுங்காகப் பேசினார். நான் பொத்தானை அழுத்தி நிறுத்தியதும் எழுந்து போய்க் கதவின் கைப்பிடியில் கைவைத்தபடி, எதற்காக வந்தாரோ அதைச் சொன்னார். என்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. அவர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லாததற்குக் காரணம், நான் வருந்துவேன் என்று அவர் நினைத்ததுதான். அதைப் பிறகு அவரே சொன்னார். அத்தனை கவனமாகக் கேட்டும் எனக்குக் கிடைத்தது அரைச் சம்மதம்தான் என்றால், நான்காம் பக்கத்தில் கிடைப்பது என்ன?

இனி, எனக்கு வரப்போகும் பதில்கள். மருத்துவர்களின் சுமை உனக்குத் தெரியாதா என்பார்கள். தெரியும், இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளியோடு மருத்துவர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுகளிலும் மேசை வேலையிலும் போகிறது என்று காட்டியது. இரவு பதினோரு மணிக்குக் குறிப்பெழுதிக் கண் எரிந்தவள் நானும்தான். கருவி அந்தச் சுமையைக் குறைத்தால் நல்லது, பயன்படுத்துங்கள். ஆனால் உங்களுக்கு மிச்சமாகும் மணி நேரங்களில் இரண்டு நிமிடத்தை எடுத்து, எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துக் கேட்க முடியாதா?

கைபேசியில் எல்லாவற்றையும் கொட்டுகிறவர்களுக்கு இது மட்டும் என்ன என்பது இன்னொரு வாதம். அதற்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

எல்லாம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்பவர்களுக்கு, பின்லாந்தின் வாஸ்தாமோ உளசிகிச்சை மையத்தை நினைவூட்டுகிறேன். அங்கே திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். பாதிக்கப்பட்டோர் 30,000க்கும் மேல். அதில் ஏஐ எதுவும் இல்லையே என்று யாராவது துள்ளி வருவீர்கள், இல்லைதான். குறிப்பு என்பது என்ன மாதிரியான பொருள் என்பதற்காகச் சொன்னேன். இப்போது குறிப்போடு குரலையும் சேர்த்து வைக்கப் போகிறோம்.

தவறுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில் யாருமே பேசாத சொற்றொடர்களும் முழு வாக்கியங்களும் முளைத்திருந்தன. பேச்சின் நடுவே மௌனம் நீளும் இடங்களில்தான் இது அதிகம் நிகழ்ந்தது. அதன் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மௌனம் நீளுவது என் அறையில் கோளாறாகாது. சில நாட்களில் அந்த மௌனம்தான் அன்றைய அமர்வு. அழுகைக்கு முன்னால் ஒருவர் எடுத்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தை இயந்திரம் ஏதாவது சொல்லால் நிரப்பி, நான் அவசரத்தில் படிக்காமல் ஒப்பமிட்டால், அவர் சொல்லாத ஒன்று அவர் கோப்பில் அவர் சொன்னதாக இருக்கும்.

இதை வெறும் கற்பனை என்பவர்களுக்காகத்தான் கடைசி விஷயம். அந்தக் கூட்டத்தின் குறிப்பையும் ஒரு செயலிதான் எழுதியிருக்கிறது. நாம் பேசுவதை அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் வந்த அந்தக் குறிப்பில் என் பெயருக்கு நேரே, "சம்மதப் படிவ நடைமுறை குறித்து விளக்கம் பெற்று உடன்பாடு தெரிவித்தார்" என்று இருக்கிறது. பத்தொன்பது பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள், அவர்களில் என்னோடு பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்தவர்களும் உண்டு. அந்த வரியைத் திருத்தும்படி அன்றே எழுதினேன். குறிப்பு தானாக உருவாவது, தனித்தனி வரிகளை மாற்ற வசதியில்லை என்று நேற்று பதில் வந்தது.