ஆறு மணி நேரம் என்பது கடைசிக் கெடு

பிறந்த கன்றுக்கு 'ஆறு மணி நேரத்துக்குள் 2 லிட்டர் சீம்பால்' என்கிறது கன்று வளர்ப்பு பற்றிய கட்டுரை. பெரிய பண்ணைகளில் பிறக்கும் கன்றுக்கு இது போதாது. ஹோல்ஸ்டீன் இன மாட்டின் கன்று சுமார் 40 கிலோ இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 லிட்டர், முதல் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே போக வேண்டும். ஜெர்சி கலப்பு 25 கிலோ என்றால் இரண்டரை லிட்டர். நேரம் போகப் போக, சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் திறன் குடலில் குறைந்துகொண்டே வரும்; ஒரு நாளில் கதவு சாத்தின மாதிரிதான்.

கெட்டியாக, மஞ்சளாக இருந்தாலே நல்ல சீம்பால் என்று நம்ப வேண்டாம். சீம்பாலின் தரத்தை அளந்து காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 22 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வேளைக்கு, குறைந்தால் அடுத்த வேளைக்கு. உறையவைத்த சீம்பாலைக் கொதிநீரில் உருக்கினால் புரதம் திரிந்துவிடும். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது.

பலர் கோட்டை விடுவது பாத்திரத்தில். வாளி பளபளக்கும், பாட்டில் நிப்பிளைப் புரட்டினால் உள்ளே வழவழவென்று படலம்! அதிலுள்ள பாக்டீரியா, நோய் எதிர்ப்புப் புரதம் குடலில் உறிஞ்சப்படுவதையே தடுக்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் சுடுநீரும். எடுத்தவுடன் சுடுநீர் ஊற்றினால் புரதம் படிந்துவிடும்.

நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கொடுக்காமல் காத்திருக்கும் வழக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லையே? நம்மூரில் கன்று இழப்புக்கு அதுவும் ஒரு காரணம்.