உறையையும் சேர்த்துச் சோதியுங்கள்

பனிக்காட்டில் கத்தியைச் சோதித்த உங்கள் கட்டுரை நன்று. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் உறை மலிவாகத் தெரிகிறது, தோல் உறைதான் அழகு என்கிறீர்கள். அழகு சரி. வடக்கு ஸ்வீடனில் மைனஸ் 15 டிகிரியில், பகலில் நனைந்த என் தோல் உறை இரவில் பலகை மாதிரி விறைத்துவிட்டது. காலையில் கத்தியை உருவ முடியவில்லை. ஜாக்கெட்டுக்குள் கோழிக்குஞ்சு போல அணைத்து வைத்துச் சூடேற்றினேன்! அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறையென்றால் தண்ணீர் வடிந்துவிடும், கையுறையோடே உருவலாம்.

அப்புறம், கத்தியின் முதுகு, அதாவது வெட்டும் விளிம்புக்கு எதிர்ப்பக்கம். மோரா கம்பேனியன் விலைக்கு அருமையான கத்திதான். ஆனால் முதுகு விளிம்பு மழுங்கலாக இருப்பதால் தீப்பொறிக் கம்பியில் (உரசினால் பொறி பறக்கும் உலோகக் கம்பி) உரசினால் வழுக்கும். மோராவின் இன்னொரு கத்தியான கார்பெர்க்கின் முதுகு சதுர விளிம்போடு வருகிறது. அதே முதுகால் பிர்ச் மரப்பட்டையைச் சுரண்டி, பஞ்சு மாதிரி ஒரு பிடி தூள் சேர்த்து அதில் பொறியை விழவைத்தால் கரும்புகையோடு பற்றும். பட்டையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் லேசான ஈரம் பெரிய தடையில்லை.

தீ மூட்டச் சீவல் எடுக்க, விழாமல் நின்றபடியே காய்ந்துபோன பைன் மரத்தைப் பிளந்து உள்கட்டையைத்தான் எடுக்க வேண்டும், வெளிப்புறம் ஈரமாக இருக்கும். இன்னொன்று, உங்கள் படத்தில் தீ நேராகப் பனிமேல் எரிகிறது. அடியில் நாலு பச்சைக் கட்டை அடுக்கவில்லையா? பனி உருகி, கொஞ்ச நேரத்தில் தீ குழிக்குள் இறங்கி அணைந்திருக்குமே!