தூ கெக்லான் தவிர்த்த சண்டைகள்

இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் என்றாலே கிரெசி, புவாத்தியே என்று ஆங்கிலேயர் வென்ற களங்களைத்தான் பேசுகிறோம். 1360-இல் பிரெத்தினி உடன்படிக்கையில் பிரான்சின் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போனது. 1380-இல் அவர்களிடம் எஞ்சியது கலே, ஷெர்பூர், பிரெஸ்ட், பொர்தோ, பயோன் என்ற துறைமுகங்களும் அவற்றை ஒட்டிய கொஞ்ச நிலமும்தான். இழந்ததை மீட்ட பிரெஞ்சுத் தளபதி பெர்த்ரான் தூ கெக்லான், பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானியின் ஒரு சிறு பிரபுக் குடும்பத்துப் பிள்ளை.

ஓரே (1364), நாஹெரா (1367) என்ற இரு போர்களிலும் தோற்றுச் சிறைப்பட்டு, பெருந்தொகை கட்டி மீண்டவர்தானே என்பார்கள். உண்மைதான். ஓரேயில் ஆங்கிலத் தளபதி சாண்டோஸ் ஒரு படைப்பிரிவைக் களத்தில் இறக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். அணி எங்கே தளர்ந்ததோ அங்கே அது வந்து தாங்கியது. நாஹெராவில் ஆங்கிலேயரின் அம்பு மழையில், தூ கெக்லான் பக்கம் நின்ற காஸ்டீல் (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) குதிரைப்படை சிதறி ஓடியது. வில்லாளிகள் இடம்பிடித்து நின்றுவிட்டால் அவர்களை நேருக்கு நேர் முட்டுவது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1370 அக்டோபரில் அவர் பிரான்சின் தலைமைத் தளபதி ஆனார். அதன்பின் கையாண்ட முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எரித்துக் கொள்ளையடித்துக்கொண்டே நகரும் ஆங்கிலப் படை, வழியில் கிடைப்பதைத் தின்றே பிழைக்க வேண்டும். ஒரு குதிரைக்கே நாளொன்றுக்குப் பத்து கிலோ தீவனம் போல வேண்டும். தானியத்தை மதில் சூழ்ந்த ஊர்களுக்குள் ஏற்றிவிட்டுக் கதவடைத்தால், அந்தப் படையால் முற்றுகையிட்டு உட்காரவும் முடியாது, ஒரே இடத்தில் தங்கவும் முடியாது. தீவனம் தேடிப் பிரியும் சிறு கூட்டங்களைப் பின்தொடர்ந்து அடித்தால் போதும். 1373-இல் ஆங்கில இளவரசரான லங்காஸ்டர் கோமகன் ஜான் கலேயில் புறப்பட்டுக் குளிர்காலத்தில் பொர்தோ போய்ச் சேர்ந்தபோது, குதிரைகளில் பெரும்பகுதி வழியிலேயே செத்திருந்தன. பெரிய சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் பொன்வலாவைப் பார்க்கட்டும். ஆங்கிலத் தளபதி நோல்ஸின் படை, யார் தலைமை என்ற தகராறில் பல துண்டாகப் பிரிந்த செய்தி கிடைத்ததும், 1370 டிசம்பர் 1-இல் கானிலிருந்து கிளம்பி, லெ மான் வழியாக இரவிலும் நடந்து, 4-ஆம் தேதியே ஒரு துண்டைப் பொன்வலாவில் நொறுக்கினார்.

ஆனால் மதிலுக்கு வெளியே எரிந்த குடிசைகள் குடியானவர்களுடையவை. படைச் சம்பளத்துக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்த அடுப்பு வரியையும் அவர்களே கட்டினார்கள். அந்தப் பணத்தை ஆண்டுதோறும் திரட்டித் தந்த மன்னர் ஐந்தாம் சார்லசுக்கும் இந்த வெற்றியில் சரிபாதி உண்டு. தூ கெக்லான் 1380 ஜூலை 13-இல் ஒரு முற்றுகையின்போது நோயில் இறந்தார். மன்னர் செப்டம்பர் 16-இல். சாகும் தறுவாயில் மன்னர் அந்த வரியை நீக்கிவிட்டார்.